வயிறு பார்க்கிறவளின் கை

ஏழுமடைக் குளத்தில் குனிந்து பார்க்கிற ஆண்களுக்கெல்லாம் பெண் முகம் தெரிய ஆரம்பித்த மூன்றாம் வருஷம், புரட்டாசிக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரத்தில், நூற்று நாற்பது வீட்டுச் சனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்க, அன்றுவரை மீன் விஷயத்தில் ஒரு பொய்கூடச் சொல்லியிராத பூலம்மாள் ஒரே ஒரு பொய் சொன்னாள். அது என்ன பொய், அதை ஏன் சொன்னாள் என்று தெரிய வேண்டுமானால், முகம் மாறிய சமாச்சாரத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் அவள் கையைப் பற்றிப் பேச வேண்டும்.

அந்த ஊரில் ஒரு மீனை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லுகிற உரிமை ஒரே ஒரு கைக்குத்தான் உண்டு. அது வயிறு பார்க்கிறவளின் கை. ஐப்பசி மழைக்கு முந்தி, குளத்துக் கெண்டைகளுக்கு வயிறு நிறைகிற காலத்தில், கல்லோடை வந்து குளத்தில் விழுகிற இடத்தில் ஊர் கூடும். வலையில் வருகிற கெண்டை ஒவ்வொன்றையும் அவள் இடது கையில் ஏந்தி, வலது கட்டைவிரலால் செவுளுக்குக் கீழே தொடங்கி வால் பக்கமாக ஒரு நீவு நீவுவாள். முட்டை மணி வந்தால் ‘சினை’ என்பாள். வெள்ளையாகப் பால் வந்தால் ‘ஆண்’ என்பாள். அவள் சொல்வது மெல்ல. பக்கத்தில் நிற்கிற மடைக்காரர் அதை வாங்கி, ஏழு மடைக்கும் கேட்கிறாற்போலத் திரும்பச் சொல்லுவார். அப்போதுதான் அந்தச் சொல் செல்லும். சினை என்றால் கல்லோடைப் பக்கம் தண்ணீரில் விட்டுவிட வேண்டும், மழை வந்ததும் புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறிப்போய்ப் புல்லில் முட்டையிடும். ஆண் என்றால் கூடை. முதல் ஆண் மட்டும் கூடைக்கும் போகாது, அது மடைச்சாமியின் சட்டிக்கு. அந்தக் குழம்பின் ஆவி சாமி முகத்தில் பட்ட பிறகுதான் மற்றவர்கள் வலையைத் தொடலாம். நூறு சினைக்கு நாலு ஆண் தப்பினால் குளம் பிழைக்கும் என்பது அந்த ஊர்க் கணக்கு. முதல் ஆண் கிடைக்காவிட்டால் அந்த வருஷம் முழுக்க வலை இல்லை என்றும் ஒரு விதி இருந்தது, ஆனால் அப்படி ஒரு வருஷத்தை உயிரோடிருக்கிற எவரும் பார்த்ததில்லை.

வயிறு பார்க்கிற கை பொய் சொன்னால் மரத்துப்போகும். இது நம்பிக்கை அல்ல, ஊருக்கே தெரிந்த விஷயம். மூன்று தலைமுறைக்கு முன்னால் பூலம்மாளின் புகுந்த வீட்டுக்கே வாழ்க்கைப்பட்ட ஒருத்தி, பொறந்த வீட்டு விருந்துக்கு ஆசைப்பட்டு ஒரு சினைமீனை ஆண் என்று சொல்லிவிட்டு, சாகிறவரைக்கும் இடது கையால் சாப்பிட்டாள். பந்தியில் யாராவது பழக்கதோஷத்தில் இடது கையை நீட்டினால்கூட, ‘என்ன, வயிறு பாத்தியோ?’ என்று கேட்டுச் சிரிக்கிற ஊர் அது.

இனி முகத்துக்கு வருவோம். ஓர் ஆடி மாதத்துப் புதன்கிழமை விடிகாலையில் பூலம்மாளின் புருஷன் கொம்பையா வலையை அலசி முடித்துவிட்டு முகம் கழுவக் குனிந்தபோது, தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பொம்பளை அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவருடைய தடித்த புருவம், அவருடைய மோவாய் மரு, ஆனால் மீசை இல்லை, கன்னம் வழவழப்பு, காதோரம் சுருட்டை மயிர். கொம்பையா கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார், அவளும் பார்த்தாள், பிறகு இரண்டு பேரும் முகத்தைக் கழுவிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து பழையது குடித்தார். எவரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டும் அந்த ஊரில் ஐம்பது ஆண்களுக்கு இதே கதி, ஐம்பது பேரும் தனக்கு மட்டும்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து வாயை இறுக மூடிக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து டீக்கடையில் ஒருத்தன் வாய்தவறிச் சொல்லிவிட, கடையே ‘எனக்குந்தான், எனக்குந்தான்’ என்று எழுந்து நின்றது.

அப்புறம் பழகிவிட்டது. பழகாமல் என்ன, குளிக்காமல் இருக்க முடியுமா? ஆண்கள் சவரத்துக்குக் கண்ணாடி வாங்கினார்கள். பெண்கள் தங்கள் புருஷன்மாரின் முகங்களுக்குப் பேர் வைத்தார்கள். ‘உங்க வீட்டு ஆம்பளையவிட அந்தக் கொம்பம்மா லட்சணமாத்தான் இருக்கா’ என்று பூலம்மாளைக் கேலி பண்ணினார்கள். பூலம்மாளும் சிரித்துக்கொண்டு, ஒருநாள் அவர் நெற்றியில் பொட்டு வைத்துக் குனியச் சொல்லி, தண்ணீரில் அழகு பார்த்தாள். கோவில் காளை முதல் நாள் தண்ணீர் குடிக்கக் குனிந்து, அங்கே ஒரு பசுவைக் கண்டு மிரண்டு ஓடியது, இரண்டாம் நாளிலிருந்து மேய்ச்சலுக்குப் போகாமல் படித்துறையிலேயே நின்றது. ஆடிக் கொடைத் திருவிழாவில் ஆண்கள் ஆளுக்கு ஒரு ஜோடி வளையலைத் தண்ணீரில் விட்டார்கள். மடைச்சாமிக்கு இத்தனை நாள் துணை இல்லாமலிருந்தது, இப்போது அம்மன் வந்து இறங்கிவிட்டாள் என்று கோவில்காரர் சொன்னதும் ஊருக்கு நிம்மதியாகிவிட்டது. காரணம் கிடைத்துவிட்டால் எதையும் பொறுத்துக்கொள்ளுகிற சனம் நம்முடையது.

மடைக்காரர் பரமார்த்தலிங்கத்துக்கு மட்டும் அது பழக்கமாக இல்லை, உயிராகவே ஆகிவிட்டது. அவருக்கு ஒரே மகள், செண்பகம், பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போனவள். தண்ணீரில் அவருக்குத் தெரிந்தது அறுபத்திரண்டு வயதுக் கிழவி, நரைத்த தலை, ஆனால் மூக்கும் சிரிப்பும் அச்சு அசல் செண்பகம். இருந்திருந்தால் கிழவியாகி இப்படித்தான் இருப்பாள் என்று தினமும் காலையில் நாலாம் மடைப் படியில் உட்கார்ந்து அவளைப் பார்ப்பார். அவர் அழுதால் அவள் அழுவாள், அதனால் அழமாட்டார்.

இத்தனை கூத்துக்கும் நடுவில் பூலம்மாளின் கட்டைவிரலுக்கு மட்டும் ஒரு சங்கடம் இருந்தது. பருவம் வந்த ஆண் கெண்டைக்குக் கன்னம் சொரசொரக்கும், உப்புத்தாள் மாதிரி. ஏந்துகிற இடது கையே அதைச் சொல்லிவிடும், வலது கை நீவுவதெல்லாம் சடங்குக்குத்தான். முகம் மாறிய அந்த முதல் வருஷம், கன்னம் சொரசொரத்த ஒரு கெண்டையை நீவினாள். முட்டை வந்தது. வெளுத்துப்போய், கையில் ஒட்டாமல், தொட்டால் உடைகிற முட்டை. இடது கை ஆண் என்றது, வலது கை சினை என்றது. விதி என்ன சொல்கிறது? வருவதைத்தான் சொல்ல வேண்டும். ‘சினை’ என்றாள். அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. இரண்டாம் வருஷம் அந்தப் பருவம் முழுக்கச் சேர்த்தே ஏழு ஆண்தான் கூடைக்கு வந்தது. கல்லோடையில் ஏறின கெண்டைகளோ புல்லை மறைக்கிற அளவுக்கு முட்டையிட்டன, ஆனால் முட்டை அத்தனையும் மூன்றாம் நாள் பூஞ்சை பிடித்து மிதந்தது. வெளியூரிலிருந்து குஞ்சு வாங்கி விட்டுப் பார்த்தார்கள், அதுவும் வளர்ந்து எல்லாம் வயிற்றைச் சுமந்துகொண்டு வந்து நின்றது.

மூன்றாம் வருஷம் ஆவணியில், கடற்கரை ஊர் மீன்வளக் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்கு என்று ஜெசிந்தா வந்தாள். கட்டுமரக்கார வீட்டுப் பெண், பேச்சில் கூச்சம் கிடையாது. பூலம்மாள் வீட்டு முற்றத்திலேயே பலகையைப் போட்டு, கன்னம் சொரசொரத்த கெண்டைகளாகப் பொறுக்கி அறுத்து, ஈரலைத் துண்டு துண்டாகக் குப்பியில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். இருபது நாள் கழித்துத் திரும்பி வந்தவள் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“யக்கா, இதெல்லாம் ஆம்பள மீனுதான்.”

“அது எனக்குத் தெரியும்” என்றாள் பூலம்மாள். “கன்னம் சொல்லுதே. வயித்துல முட்டை எப்படி வந்துதுன்னு சொல்லு.”

ஜெசிந்தா யோசித்தாள். குளக்கரையைப் பார்த்தாள். “உங்க ஊர்ல ஏழு மடை இருக்குல்லா. மடைக்காரர் கொரல் குடுத்தாத்தானே தெறப்பாங்க?”

“ஆமா. அவரு ‘மூணாம் மடை’ன்னு சத்தம் போட்டா மூணாவது தெறக்கும்.”

“மீன் ஒடம்புக்குள்ளயும் அப்படித்தான், ஏழு இல்ல, ஆயிரக்கணக்குல மடை. முட்டைக்கருவு செய்யுத மடை ஈரல்ல இருக்கு. பொம்பள மீனுக்கும் இருக்கு, ஆம்பள மீனுக்கும் இருக்கு. பொம்பள மீனுக்குள்ள பருவம் வந்ததும் ஒரு கொரல் வரும், அது தெறக்கும். ஆம்பள மீனுக்குள்ள அந்தக் கொரல் வந்து கேக்குத அளவுக்கு வராது. சாகுத வரைக்கும் மூடியே கெடக்கும். இப்ப என்னன்னா, வெளியில இருந்து எவனோ ஒருத்தன் மடைக்காரர் மாதிரியே கொரல் மாத்திச் சத்தம் போடுதான். ஒடம்புக்குக் காது மட்டுந்தான் இருக்கு, கண்ணு இல்ல. நம்ம ஆளுதான் கூப்பிடுதாருன்னு தெறந்து விட்டுருது. பிள்ளக் கெண்டைக்கு அந்தக் கொரல் கேட்டுட்டா ஆம்பளையா வளர வேண்டிய மடையே மூடிப்போவுது.”

“எவன் அவன்?”

ஜெசிந்தா வடக்கே கையைக் காட்டினாள். மேட்டில் குழாய்க் கம்பெனி இருந்தது. மூன்றரை வருஷமாக அதன் கழிவு வாய்க்கால் முதல் மடைப் பக்கம் வந்து குளத்தில் விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது, நிறம் இல்லை, நாற்றம் இல்லை, அதனால் யாருக்கும் அதன்மேல் சந்தேகமும் இல்லை. “பிளாஸ்டிக்க வளைய வைக்கதுக்கு ஒரு மருந்து போடுவாங்க. அதான் கொரல் மாத்துதது. ஒரு சொட்டே போதும்.”

ஜெசிந்தா பூலம்மாளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொல்லிவிட்டாள்.

“கல்லோடைத் தண்ணி நல்ல தண்ணிக்கா. அதுல குஞ்சு பொரிச்சா ஆணும் பொண்ணுமா ஒழுங்கா வளரும். ஆனா பால் இருக்குத ஆம்பள வேணும். கொரலுக்கு மயங்காத நாலஞ்சு இருந்திருக்கும். நீங்க சினைய விட்டுட்டு ஆணை எடுக்கிய. பொய்ச் சினை எல்லாத்தையும் விட்டுட்டு, நெசமான ஆண் அத்தனையையும் கூடைல போட்டிருக்கிய.”

குளத்தைக் காப்பாற்றத்தான் அந்த விதி, அந்த விதிக்குத்தான் அந்தக் கை, அந்தக் கைதான் போன வருஷம் ஏழு தடவை ‘ஆண்’ என்றது, ஏழும் குழம்பாகிப்போயின, அதில் ஒன்றைப் பூலம்மாளே சாப்பிட்டிருந்தாள், ருசியாக இருந்தது என்று கொம்பையாவிடம் சொல்லியும் இருந்தாள். கம்பெனிக்காரன் கெடுத்தது பாதி, நான் பொறுக்கி எடுத்துக் கொன்றது மீதி என்று நினைக்க நினைக்க அவளுக்கு அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இரண்டு பேருமாக நாலாம் மடைக்குப் போனார்கள். பரமார்த்தலிங்கம் படியில் உட்கார்ந்திருந்தார், தண்ணீருக்குள் கிழவியும் உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தா சொன்னதையெல்லாம் கடைசிவரை கேட்டார். தன் குரலை எவனோ திருடுகிறான் என்ற இடத்தில் மட்டும் புருவம் ஏறி இறங்கியது.

“சரி, இப்ப என்ன செய்யணுங்குத?”

“அந்த வாய்க்கால அடைக்கணும் ஐயா.”

“அடைச்சா?”

“தண்ணி கொஞ்சங் கொஞ்சமா பழையபடி ஆயிரும்.”

“பழையபடின்னா?” என்று கேட்டார் அவர். கேட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்தார். தண்ணீருக்குள்ளிருந்தும் ஒரு பயந்த முகம் அவரைப் பார்த்தது. ஜெசிந்தாவுக்கு விளங்கவில்லை, பூலம்மாளுக்கு விளங்கிவிட்டது.

“சாமி வந்து எறங்கின தண்ணி இது” என்று எழுந்தார் பரமார்த்தலிங்கம். “குப்பியத் தூக்கிட்டு வந்து கொறை சொல்லாத பிள்ள. ஊருக்குப் போற வழியப் பாரு.”

அவர் மட்டுமல்ல, ஊரில் வேறு எவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொம்பையாகூட, “அந்தக் கொம்பம்மா என்னளா பாவம் செஞ்சா?” என்றுதான் கேட்டார். ஜெசிந்தா பஸ் ஏறும்போது பூலம்மாளின் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். “இந்த வருஷம் ஒண்ணே ஒண்ணு கெடைச்சாலும் அதை மட்டும் கூடைல போட்டுராதீங்கக்கா. அதுக்கு மேல இந்தக் குளத்துல கெண்டை கெடையாது.”

அந்த ஒன்று சட்டிக்குப் போகாவிட்டால் ஊருக்கு வருஷம் முழுக்க வலை கிடையாது. இதை ஜெசிந்தா யோசிக்கவில்லை. பூலம்மாள் அதைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை.

புரட்டாசிக் கடைசிச் செவ்வாய் வந்தது. காலையிலேயே மடைச்சாமி முன்னால் அடுப்புக் கூட்டி, மசாலா அரைத்து, புளி கரைத்து, சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, மீன் மட்டும்தான் பாக்கி. அன்றைக்கு மூன்றே வலைதான் வீசலாம், அதுவும் வழக்கம். வலைக்காரர் கொம்பையா. முதல் வலையில் நாற்பத்தொரு கெண்டை. பூலம்மாள் முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாக நீவினாள். சினை. “சினை!” சினை. “சினை!” பரமார்த்தலிங்கத்தின் குரல் ஏழு மடைக்கும் போய்த் திரும்பியது. பத்து மீன்வரை சனம் பேசிக்கொண்டிருந்தது. இருபதில் பேச்சு நின்றது. நாற்பத்தொன்றாவதும் கல்லோடைக்குப் போனபோது கைப்பிள்ளைகளைத் தவிர எவரும் சத்தம் போடவில்லை.

இரண்டாம் வலையில் முப்பத்தெட்டு. எல்லாம் சினை. பொய்ச் சினை எத்தனை, மெய்ச் சினை எத்தனை என்று இடது கை எண்ணிக்கொண்டே வந்தது, வாய் மட்டும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு வந்தது. மடைச்சாமி அடுப்பில் குழம்பு வற்றிப்போகிறது என்று இன்னொரு சொம்பு தண்ணீர் ஊற்றினார்கள். கரையில் ஒரு பெண் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். வலை இல்லாத வருஷம் என்றால் என்னவென்று அவரவர் வீட்டு அடுப்பை நினைத்துப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். ‘ஆணா வரணும், ஆணா வரணும்’ என்று முணுமுணுத்துக்கொண்டே கொம்பையா மூன்றாம் வலையை வீசினார். பூலம்மாள் நேர்மாறாக வேண்டிக்கொண்டாள், பிறகு தான் வேண்டிக்கொண்டதைத் தானே பயந்து அழித்தாள். ஆண் வந்தால் அதைக் கொல்ல வேண்டும், வராவிட்டால் குளம் ஏற்கெனவே செத்துவிட்டது. இரண்டில் எதைக் கேட்பது?

மூன்றாம் வலையில் பதினேழு. பதினாறும் சினை. கடைசிக் கெண்டையைக் கொம்பையா எடுத்து அவள் கையில் வைத்தார்.

வைத்த மாத்திரத்திலேயே தெரிந்தது. சின்ன மீன், ஒல்லியான வயிறு, கன்னம் அப்படிச் சொரசொரத்தது. மேலே கல்லோடைப் பாறைக் குழியில் எங்கேயோ வளர்ந்து, கோடையில் குழி வற்றுகிறதற்கு முன்னால் சறுக்கி வந்திருக்க வேண்டும், குரலைக் கேட்டு மயங்குகிற வயதைத் தாண்டி வந்திருந்தது. பூலம்மாள் கட்டைவிரலை வைத்தாள். நீவாமல் சொல்ல முடியாது, ஊர்க் கண் அத்தனையும் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தன. நீவினாள். உள்ளங்கையில் வழவழப்பாகப் பால் வழிந்தது. நாலு விரலையும் மடக்கி அதை மூடிக்கொண்டாள்.

“சினை” என்றாள்.

பரமார்த்தலிங்கம் அதை வாங்கவில்லை.

கரையிலிருந்து யாரோ, “என்ன அண்ணாச்சி, சொல்லும்” என்றார்கள். அவர் அவளுடைய மூடிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான மீன்களை அவள் நீவி அவர் பார்த்திருக்கிறார், ஒரு தடவைகூட அவள் கையை மூடினதில்லை. மெதுவாகத் தண்ணீரில் இறங்கி, சனத்துக்கு முதுகைக் காட்டி, அவள் எதிரே வந்து நின்றார்.

“கையைக் காட்டு தாயி.”

அப்படி ஒரு மடைக்காரர் ஒரு வயிறு பார்க்கிறவளிடம் கேட்டதே கிடையாது. பூலம்மாளின் இடது கையில் மீன் துள்ளியது, அதற்கு இன்னும் எவ்வளவு நேரம் மூச்சு இருக்கும் என்ற பயம்தான் மற்றப் பயத்தையெல்லாம் தள்ளியது. கையை விரித்தாள். வெயிலில் வெள்ளையாக, பசுவின் சீம்பால் மாதிரிக் கெட்டியாக, உள்ளங்கை ரேகை முழுக்க ஓடிக் கிடந்தது.

அவர் பார்த்தார். அவருடைய காலடியில், தண்ணீருக்குள்ளிருந்து, செண்பகமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி” என்றாள் பூலம்மாள், உதடு அசைகிறது மட்டும் தெரிகிற குரலில். “இதுதான் கடைசி. இதையும் நான் கொன்னுட்டா எனக்கு இந்தக் கை வேண்டாம். உம்ம கொரல்ல எவனோ ஒருத்தன் மூணு வருசமா மடை தெறக்கான். நெசக் கொரல் உம்மகிட்டதான் இருக்கு. ஒரு தடவ குடும்.”

பரமார்த்தலிங்கம் குனிந்து கிழவியைப் பார்த்தார். இந்த ஒரு மீனுக்குக் குரல் கொடுத்தால் அந்தப் பிள்ளை சொன்னதை ஒப்புக்கொண்டதாகும், ஒப்புக்கொண்டால் வாய்க்காலை அடைக்க வேண்டும், அடைத்தால் இவள் போய்விடுவாள், பத்தொன்பது வயதில் போனவள் இரண்டாம் தடவையாகப் போவாள். அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்து அந்த முகத்தைக் கலைத்தது. கலைந்தது கூடுவதற்குள் தலையை நிமிர்த்தினார்.

“சினை!” என்றார்.

ஏழு மடைக்கும் போனது அந்தக் குரல். கல்லோடை மேட்டிலிருந்த கொக்குகள் எழும்பின. பூலம்மாள் இரண்டு கையையும் தண்ணீருக்குள் இறக்கி விரித்தாள், கெண்டை ஒரு கணம் அவள் விரலிடுக்கில் நின்று பார்த்துவிட்டு, சினைகள் போன பக்கமாகப் போயிற்று. கரையில் அழுகை கிளம்பியது. மடைச்சாமியின் அடுப்பில் மீன் இல்லாத குழம்பை இறக்கி வைத்தார்கள்.

அந்த வருஷம் ஏழுமடை ஊர்க்காரர்கள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. வலைகளைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குக் கடலை பறிக்கப் போனார்கள், முருங்கைக்கீரையும் நத்தையும் தின்றார்கள், பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தண்ணீர் எடுத்தார்கள். பரமார்த்தலிங்கத்துக்கு மறுநாளே தொண்டை கட்டிக்கொண்டது, மூச்சுதான் வந்தது, சொல் வரவில்லை. ஜலதோஷம் என்று சைகை காட்டினார். காட்டிக்கொண்டே நேரே வடக்கு மேட்டுக்குப் போய்க் கழிவு வாய்க்காலின் வாயில் முதல் கல்லைப் போட்டார். மடைக்காரர் கல் போட்டால் மற்றவன் சும்மா நிற்க முடியுமா? கேள்வி கேட்காமல் ஊரே மண் சுமந்தது. கம்பெனிக்காரர்கள் வந்து உடைத்தார்கள், இவர்கள் மறுபடி அடைத்தார்கள், ஜெசிந்தா காகிதங்களோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். அந்த இழுபறி இன்றைக்கும் ஓயவில்லை. அவர் அதற்குப் பிறகு நாலாம் மடைப் படிக்குப் போகவேயில்லை.

பூலம்மாளின் கை அன்று இரவுச் சோற்றிலேயே மரத்துப்போனது. சுடுசோற்றில் வைத்தாள், சூடு தெரியவில்லை. விரலால் பிசைந்தாள், பிசைவது தெரியவில்லை. வேறொருவருடைய கை தட்டில் கிடக்கிறது போலக் கிடந்தது. கொம்பையா எதிரே உட்கார்ந்திருந்தார். வேறு வழியில்லாமல் அவள் இடது கையைத் தட்டுக்குக் கொண்டுபோனபோது, அவர் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் அப்படியே நின்றது. அந்த ஊரில் அதற்கு விளக்கம் தேவையில்லை. நூற்று நாற்பது வீட்டுப் பட்டினியும், அவர் வலை பரணில் கிடப்பதும், எல்லாம் அந்த இடது கையில் இருந்தது. பூலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டுவார் என்று நினைத்தாள், எழுந்து தெருவுக்குப் போய்ச் சத்தம் போடுவார் என்றுகூட நினைத்தாள். கொம்பையா கதவை எட்டிச் சாத்தினார். கையிலிருந்த கவளத்தை அவள் வாயில் வைத்தார்.

“வெளிய எங்கயும் சாப்பிடாத” என்றார்.

ஐப்பசி நாலாந் தேதி மழை பிடித்தது. கல்லோடையில் வெள்ளம் இறங்க, அதை எதிர்த்துக் கெண்டைகள் ஏறின, பொய்யும் மெய்யுமாக, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஏறின. பூலம்மாள் போய்ப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் போகலாமா என்று பார்த்தாள், பூஞ்சை மிதந்தால் என்ன செய்வது என்று போகவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் வயிற்றுவலி என்று எழுந்து வந்தாள், ஒரு கருமாதியில் விரதம் என்றாள். பதினெட்டாம் நாள் மத்தியானம் கொம்பையா அவளை இடது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

கல்லோடைப் புல்வெளியில் முழங்கால் தண்ணீர் தேங்கிப் பளிங்காகக் கிடந்தது. கொம்பையா வழக்கம்போலக் குனிந்தார். மோவாயில் மருவும், சவரம் செய்யாத கன்னமும், நரைத்த மீசையுமாக ஒரு ஆம்பளை அவரைப் பார்த்து முழித்தான். “அட, நானா?” என்றார் அவர், கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பூலம்மாள் தண்ணீரில் எதையும் தேடவில்லை. தேடத் தைரியமில்லை. கரையில் உட்கார்ந்து, உயிரில்லாத அந்த வலது கையைப் புல்லுக்கு நடுவே தண்ணீரில் போட்டு வைத்திருந்தாள். வெகு நேரம் அது மரக்கட்டை மாதிரிக் கிடந்தது. பிறகு உள்ளங்கையில், அன்றைக்குப் பால் ஓடிக் கிடந்த அதே ரேகையில், ஊசிமுனையால் தொட்டதுபோல என்னவோ ஒன்று தொட்டது. இன்னொன்று தொட்டது. விரலிடுக்கில், கட்டைவிரல் அடியில், மணிக்கட்டில், பத்தும் இருபதுமாகக் குஞ்சுகள் தொட்டுத் தொட்டு ஓடின.

அவள் கையை அசைக்கவில்லை.

“இந்தாரும்” என்று புருஷனைக் கூப்பிட்டாள். “கூசுது.”